நான் சிவப்பில் அடித்த அடைப்புக்குறி

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் கைவசம் நிறைய இருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு நான் நல்ல பேர் வாங்கிவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஆபீஸ் தியாகராய நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. மொத்தம் ஒன்பது பேர். கம்ப்யூட்டர்கள் இருந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. தூசி போகக் கூடாதென்று செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். காலையில் எனக்கு முன்னால் யாருடைய செருப்பும் அங்கே கிடந்ததில்லை, அவள் வரும் வரை.

அவள் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தபோது நான் நாலு வருஷ சீனியர். நான் பி.ஈ., அவள் பாலிடெக்னிக் டிப்ளமா. நான் மயிலாப்பூர், அவள் பட்டினப்பாக்கம். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். "இங்கிலீஷ் கொஞ்சம் சுமார்தான், ஆனா கம்ப்யூட்டர் கோடு நல்லா எழுதற பொண்ணு" என்று மேனேஜர் அறிமுகப்படுத்தினார். முதல் நாளே என்னிடம் வந்து, சி மொழிக்கு நல்ல புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடமிருந்த ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். பெரிய மனசெல்லாம் இல்லை. எனக்கு அது மனப்பாடம், இனி வேண்டாம், அவ்வளவுதான். அதற்குப் போய் அவள் என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பஸ். அவள் கிளம்புகிற இடத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்காகப் பிடித்து வைத்திருப்பாள். நான் லஸ்ஸில் ஏறினால், கூட்டத்துக்குள்ளிருந்து "அக்கா, இங்க வா" என்று குரல் வரும். நானும் போய் உட்காருவேன். உட்கார இடம் கிடைக்கிறதே என்ற சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் ஜெர்மனியிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளியின் இதயத் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, நர்ஸ் மேஜையில் ஒரு பி.சி., டாக்டர் அறையில் ஒரு பெரிய யூனிக்ஸ் மெஷின். மூன்றுக்கும் நடுவில் தகவல் போக வர நாங்கள் சி மொழியில் ஒரே நிரலை எழுத வேண்டும். அது மூன்றிலும் மாற்றமில்லாமல் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் எங்களில் ஒருவரை ஆறு மாசம் ஜெர்மனிக்கு அனுப்புவதாகப் பேச்சு. அந்த ஒருவர் நான்தான் என்பதில் ஆபீஸில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கோ சந்தேகம் சுத்தமாக இல்லை. பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டரைப் பேரம் பேசி வாங்கியே விட்டேன். வீடு திரும்பும் பஸ்ஸில் அவள் கவரை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஸ்வெட்டரா?"

"டெல்லில என் அத்தை பொண்ணுக்கு" என்றேன்.

வீட்டில் அம்மாவிடம் அந்தப் பொய் செல்லவில்லை. "இந்த வெயில்ல உள்ளே நுழையறச்சயே ஸ்வெட்டரைக் கையில தூக்கிண்டு வரே, ஊருக்கெல்லாம் சொல்லிட்டியா?" என்றாள். சொல்லவில்லை என்றேன். ஸ்வெட்டர் பீரோவில் மேல்தட்டுக்குப் போனது.

வேலையில் என் பங்குக்கு வந்தது ரிங் பஃபர். துடிப்பு எண்கள் ஒரு பக்கம் வந்து விழுந்துகொண்டே இருக்கும். திரையில் கோடு போடுகிற நிரல் இன்னொரு பக்கம் எடுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் நூற்றிருபத்தெட்டு அறைகள் கொண்ட ஒரு வட்டம். போடுகிறவன் எத்தனை போட்டான் என்று ஒரு எண், எடுக்கிறவன் எத்தனை எடுத்தான் என்று ஒரு எண். எங்கள் ஆபீஸ் பாத்ரூமுக்கு ஒரே சாவி, ஒருவர் கொண்டுபோனால் மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். இந்த வட்டத்தில் அப்படிப் பூட்டு, சாவி கிடையாது. அவனவன் தன் எண்ணை மட்டும் மாற்றுவான். மற்றவன் எண்ணைப் படிக்கலாம், தொடக் கூடாது. யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். இதயத் துடிப்பை நிற்கச் சொல்ல முடியாதே.

அந்த இரண்டு எண்களை எந்த வகையில் வைப்பது என்பதுதான் இதில் சூட்சுமமான இடம். நான் யோசிக்கவே இல்லை. இன்ட் என்று போட்டேன். சி எழுதுகிற எல்லாரும் யோசிக்காத நேரத்தில் போடுவது அதைத்தான். எண்ணுக்கு ஒதுக்கும் இடத்தை பைட் கணக்கில் சொல்வார்கள்; பி.சி.யில் இன்ட் என்றால் இரண்டு பைட், யூனிக்ஸ் மெஷினில் நான்கு பைட். இருந்தால் இருக்கட்டுமே, எண்ணிக்கைதானே என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் மேஜையில் என் அச்சுப் பிரதியைப் பரப்பி வைத்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடைசியில் நின்றிருந்த அவள் வாயைத் திறந்தாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டுமா சார்?"

மேனேஜர் தலையசைத்தார். அவரிடம் பேசும்போது அவள் சொற்களைக் கொஞ்சம் இஸ்திரி போட்டுத்தான் பேசுவாள். விஷயம் சூடு பிடித்ததும் அது கலைந்துவிடும்.

"பெட்டில இருக்கற சில்லு ஒரு வாய்க்கு ஒரு பைட்டுதான் சார் முழுங்கும். அக்கா போட்டுகீற இன்ட்டு ரெண்டு பைட்டு. பாதிய படிச்சிகினு இருக்க சொல்ல அந்தாண்ட எண்ணு மாறிச்சின்னா? மேல் பாதி பழசு, கீழ் பாதி புதுசு. ரெண்டயும் சேத்தா எவனும் போடாத எண்ணு ஒண்ணு வந்து நிக்கும் சார்."

அவள் சொன்னது சரி என்று எனக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. தப்பாக இருந்திருந்தால் எனக்கு அவளைப் பிடித்தே இருக்கும்.

"சரி, அதுக்கு என்ன பண்ணலாம்?" என்றார் மேனேஜர். கேட்டது அவளை. நாலு வருஷமாக அந்த மேஜையில் அந்தக் கேள்வி என் பக்கம்தான் வரும்.

"ஒரே பைட்டுல வெச்சிக்கலாம் சார். அன்சைன்ட் கேரக்டர்னு ஒரு வகை கீது. எரநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் போவும், அப்பால திரும்ப சைபர்லேர்ந்து வரும். வட்டம் நூத்தி இருவத்தெட்டுதான, தாராளமா போதும். மூணு மெஷின்லயும் ஒரே மாதிரி நடக்கும்."

"நீயே மாத்தி எழுதிடு. அவங்க ரிவ்யூ பண்ணட்டும்" என்றவர், கலைந்து போகும்போது அவளிடம் சும்மா கேட்பது போலக் கேட்டார்: "பாஸ்போர்ட் இருக்காம்மா உனக்கு?"

"இல்ல சார். எடுக்கணும் சார்."

என் முகத்தில் ஈயாடவில்லை. வயிறு எரிந்தது என்பார்களே, அது உண்மையிலேயே வயிற்றில்தான் எரிகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் ஜெராக்ஸ். அதைப் படித்துவிட்டு வந்து, என் கோடை, என் கண் முன்னாலேயே. மறுநாள் லஸ்ஸில் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் அவள் தலை தெரிந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். அவள் பையை வைத்து இடம் பிடிப்பதை நிறுத்தினாளா என்று எனக்குத் தெரியாது.

ஒரு வாரத்தில் புதிய கோடு ரிவ்யூவுக்கு என்னிடம் வந்தது. எங்கள் ஆபீஸில் ரிவ்யூ என்றால் கோடு முழுவதையும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்து, சீனியர் சிவப்புப் பேனாவோடு உட்கார வேண்டும். சிவப்பில் அடித்தது போயாக வேண்டும். காரணம் எழுத வேண்டியதில்லை. ஜூனியர் எதிர்த்துக் கேட்கும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சீனியர் கையெழுத்து, பிறகு அந்தக் கட்டு பச்சை பீரோவுக்குப் போய்விடும். சீக்கிரம் வேலை முடிய மேனேஜர் கொண்டுவந்த ஏற்பாடு அது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். தப்பே இல்லை. ஒரே ஓர் இடம் மட்டும் உறுத்தியது. வட்டம் நிரம்பிவிட்டதா என்று பார்க்க, போட்ட எண்ணிலிருந்து எடுத்த எண்ணைக் கழித்திருந்தாள். கழித்து வந்த விடைக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் மறுபடியும் 'அன்சைன்ட் கேரக்டர்' என்று போட்டிருந்தாள். கழிக்கிற எண் இரண்டும் ஏற்கெனவே அந்த வகைதான். விடைக்கு எதற்குத் திரும்பவும் அதே முத்திரை?

பேனா கொஞ்ச நேரம் நின்றது. இவள் காரணமில்லாமல் எதையும் எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி "இது எதுக்கு?" என்று கேட்க அரை நிமிஷம் ஆகாது. நான் கேட்கவில்லை. அந்த அடைப்புக்குறியின் மேல் அழுத்தி ஒரு கோடு போட்டேன். ஓரத்தில் 'தேவையற்றது' என்று எழுதினேன். தப்பில்லாத கோடில் ஒரு சிவப்பாவது விழுந்ததில் மனசு லேசாகிவிட்டது.

அவள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இத எடுத்துடணுமா?"

"ஆமாம்."

"இல்லக்கா, அது இன்னாத்துக்கு வெச்சேன்னா..."

"சிவப்புல அடிச்சிருந்தா எடுக்கணும். தெரியுமில்லையா?"

அவள் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டது, வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "சரிக்கா" என்று போய்விட்டாள். கோடின் தலைப்பில் எழுதியவர் என்று அவள் பெயர், பார்த்தவர் என்று என் பெயர்.

ஆபீஸில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஏன் ஓடாது? எடுக்கிறவன் தாமதித்து வட்டம் நிரம்பினால்தானே அந்த வரிக்கே வேலை. பி.சி. தாமதிப்பது துடிப்புக் கோட்டை அச்சடிக்கும்போதுதான். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு பிரிண்டர். அது எப்போதும் ரிவ்யூவுக்குக் கோடு அச்சடித்துக்கொண்டிருந்தது. சோதனை பி.சி.யில் அதைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் நாலு படுக்கைகளுக்குக் கருவியை வெள்ளோட்டமாக வைத்தார்கள். நாலாவது நாள் காலையில் போன் வந்தது. நானும் அவளும் ஆட்டோ பிடித்து ஓடினோம். அங்கே நடந்தது இதுதான்: நர்ஸ் அச்சடிக்கும் பட்டனை அழுத்தியிருக்கிறார். மூன்றாவது படுக்கைக்காரரின் கோடு திரையில் தாறுமாறாகக் குதித்திருக்கிறது, அலாரம் அடித்திருக்கிறது. டாக்டர் மாடியிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் அந்த மனிதர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

இதை நர்சிங் ஹோம் ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நர்ஸ் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், இனிமே நெஜமாவே அலாரம் அடிச்சா நான் ஓடணுமா, வேணாமா?"

அவள் பி.சி. முன்னால் உட்கார்ந்து அச்சடிக்கும் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கவனித்துக் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டாள். "பாதி வாட்டிதான்க்கா வருது" என்றாள். அப்போது என் முகத்தைப் பார்த்தாள். உடனே பார்வையைக் கீபோர்டுக்கு மாற்றிக்கொண்டாள். வட்டம் நிரம்பியதே தெரியாமல், போடுகிறவன் பழையதன் மேல் புதியதைப் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். ஆபீஸுக்குத் திரும்பிய அரை மணி நேரத்தில் புதிய அச்சுப் பிரதி என் மேஜைக்கு வந்தது. ஒரே ஒரு மாற்றம். நான் அடித்த அடைப்புக்குறி திரும்ப அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஏன் என்று அப்போதும் நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"யார் எழுதின வரி இது?"

"நான்தான் சார்" என்றாள்.

அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அக்காதான் எடுக்கச் சொன்னாங்க சார். அவ்வளவுதான், நாலு சொல். அது வரவில்லை. அதை நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் வாய் இருந்தது.

"பழைய ரிவ்யூ கட்டை எடுத்துட்டு வாங்க. எப்படித் தப்பிச்சுதுன்னு பார்க்கலாம்" என்றார் என்னிடம்.

பச்சை பீரோவைத் திறந்தேன். அந்த ஒரு தாளை மட்டும் உருவி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டால் என்ன என்று யோசித்தேன். யோசித்தேன் என்ன, அந்த எண்ணத்தில்தான் கட்டைப் பிரித்தேன். பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் பதினாலு. நான் சிவப்பில் அடித்த பதின்மூன்றாம் பக்கம் அங்கே இல்லை.

"அந்தப் பக்கம் மட்டும் காணோம் சார்" என்றேன்.

"ஃபைல் பண்றது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் மறுபடியும்.

அவளுக்கு இரண்டு பாட்டு விழுந்தது. தப்பாக எழுதியதற்கு ஒன்று, தாளைத் தொலைத்ததற்கு ஒன்று. கடைசியில் மேனேஜர் என்னிடம் திரும்பி, "இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நாள் பழகட்டும். நீங்க விசா வேலையைப் பாருங்க" என்றார். நான் சரி சார் என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாசம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அந்தத் தாள் அவளிடம்தான் இருக்கிறது. எப்போது எடுத்து நீட்டுவாள், யாரிடம் நீட்டுவாள்? அவள் இடத்தில் நான் இருந்தால் எப்போது நீட்டியிருப்பேன் என்று கணக்குப் போட்டேன். விசா வருவதற்கு முதல் நாள். விசா வந்தது. டிக்கெட் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

ஆபீஸில் என் கடைசி நாளன்று சாயங்காலம், பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில் அவள் பின்னாலேயே வந்து நின்றாள். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புக்கு வெளியே சிவப்பு தெரிந்தது.

"எடுத்துகினு போக்கா. அங்க எவனாச்சும் அந்த வரிய பாத்து கேட்டா சொல்லணும்ல."

"பீரோலேர்ந்து நீதான் எடுத்தியா?"

"அடையார்லேர்ந்து வந்த ஒடனே எடுத்துட்டேன். சார் பாத்தா உன்ன அனுப்ப மாட்டாருக்கா. ஸ்வெட்டர்லாம் வாங்கி வெச்சிகீற." கொஞ்சம் சிரித்தாள். "டெல்லி அத்தை பொண்ணுன்னா எனக்குத் தெரியாதா இன்னா?"

அப்போது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. கோடு எழுதுவதில் ஜெயித்தது போதாதென்று இதிலும் என்னைக் கீழே நிறுத்திவிட்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. பஸ் வந்தது. அவள் ஏறிப் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எனக்குக் கடையில் வேலை இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டுப் பாண்டி பஜார் பக்கம் நடந்தேன்.

தாளை நான் பிரிக்கவில்லை. பிரித்துப் படித்தால் அவளைக் கேட்டது போல ஆகிவிடும். கைப்பையின் உள் அறையில் அது அப்படியே விமானம் ஏறியது.

அங்கே போன மூன்றாவது வாரம், நரைத்த மீசை வைத்த ஒரு பொறியாளர் கோடைப் படித்துக்கொண்டே வந்து, அந்த வரியில் விரலை வைத்தார். இந்த அடைப்புக்குறி எதற்கு என்று கேட்டார். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய்த் தாளைப் பிரித்தேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு சுவர்க் கடிகாரம் வரைந்திருந்தாள். எங்கள் ஆபீஸ் கடிகாரம். கீழே, பேசுவது போலவே எழுதியிருந்தாள்:

"பத்து மணிக்கு ஆரம்பிச்சி ரெண்டு மணிக்கு முடிச்சா எத்தினி மணி நேரம்? நாலு. ஆனா ரெண்டுலேர்ந்து பத்த கழிச்சா மைனஸ் எட்டு. சி மொழி சின்ன எண்ண கழிக்க சொல்ல கடியாரத்த வுட்டு வெளிய வந்து பெருசா கழிக்கும். வர்ற விடைய திரும்ப கடியாரத்துக்குள்ள வெக்கணும். அந்த அடைப்புக்குறி அதுக்குத்தான். எண்ணு சுத்தி வந்தப்ப மட்டும்தான் தப்பாவும். அதான் பாதி வாட்டி."

உள்ளே போய்ப் பலகையில் ஒரு கடிகாரம் வரைந்தேன். பத்து, இரண்டு, நாலு, மைனஸ் எட்டு. மீசைக்காரருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இவ்வளவு தெளிவாக இதை யாரும் விளக்கிக் கேட்டதில்லை என்றார். நன்றி சொன்னேன். கோடின் தலைப்பில் இருக்கிற பெயர் யாருடையது என்று கேட்டார். என் ஜூனியர் என்றேன்.

அவர்கள் போன பிறகு தாளை மடித்து வைக்கப் போனேன். கீழ் மடிப்பில், கடிகாரத்துக்கு வெகு கீழே, இன்னொரு வரி இருந்தது. அவசரத்தில் அதை நான் பார்க்கவில்லை.

"அன்னிக்கே என்ன கேட்டிருந்தீன்னா சொல்லியிருப்பேனேக்கா."

தெரியும். சொல்லியிருப்பாள். அதனால்தான் நான் கேட்கவில்லை.